நெட்

எடைமேடையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கணக்கு வருமென்று
யாரோ சொல்லப்போய் நான் பொருளாளர் ஆனேன்.
எனக்குத் தெரிந்தவை மூன்றே சொற்கள்:
கிராஸ், டேர், நெட்.
சுமையோடு வண்டி, வெறும் வண்டி, மிச்சம்.

வேலந்தாவளம் பார்டர் பிரதர்ஸ் கால்பந்து கிளப்,
செவன்ஸ் ஆடும் அணி,
ஆண்டுப் பொதுக்கூட்டம், ஞாயிறு மாலை நாலரை.
வந்தவர்கள் பத்தொன்பது பேர்.
டீ இருபத்தைந்து சொல்லியிருந்தோம்.
அந்த ஆறும் செலவில் ஏறியது.

வரவு வாசித்தேன்.
கேலரி டிக்கெட், அறுபது ரூபாய் வீதம், பதினோரு இரவு.
பன்னிரண்டாவது இரவு மழை.
மூங்கில் வாடகைக்கு மழை தெரியாது, அது பாட்டுக்கு ஓடும்.
நகைக்கடை பேனர் ஒன்று.
கள்ளு காண்ட்ராக்டர் கொடுத்தது, பெயர் போடாதே என்றதால்
'நலம்விரும்பி'.
பழைய நோட்டில் இதே பக்கத்தில்
கிளியரிங் ஏஜென்ட்டுகள் பதினான்கு பேர் இருந்தார்கள்.
வரிச் சோதனைச்சாவடியில் லாரி இரண்டு நாள் நின்ற காலம்.
நின்ற லாரிதான் எங்கள் ஸ்பான்சர்.
ஜி.எஸ்.டி. வந்த இரவில் குறுக்குக் கம்பம் மேலே போனது,
இறங்கவேயில்லை.
இப்போது வண்டிகள் பிரேக்கில் கால் வைப்பதில்லை.
புரோட்டாக் கடை மூன்றில் மிஞ்சியது ஒன்று,
அதுவும் பகலில் மட்டும்.

செலவு.
ஜெனரேட்டருக்கு டீசல்.
லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைவென்று தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கியது,
வாங்கப் போன ஆட்டோவுக்கு நூற்றிருபது.
ரெஃப்ரிக்குப் பாலக்காட்டிலிருந்து டாக்சி.
இஸ்ஸா பம்பா, ஐவரி கோஸ்ட், ஆட்டத்துக்கு நாலாயிரம்,
காலையில் ஆறு முட்டை,
மட்ட அரிசி இறங்காது, பொன்னி தனியாக.
பாக்கி இரண்டு ஆட்டம்.

பாக்கிக்காக அவன் சத்தம் போடவில்லை.
அரையிறுதி தோற்ற இரவு
கேலரியைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம்
ஏணி கேட்டு வாங்கினான்.
இரண்டு போஸ்ட்டிலும் வலையை முடிச்சு முடிச்சாக அவிழ்த்து,
வேட்டி மடிப்பதுபோல் மடித்து,
என் முன்னால் வைத்து,
"ரசீது" என்றான், தமிழில்.
எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்:
வலை இரண்டு, எட்டாயிரத்துக்கு ஈடு.
ஐந்து வருஷத்தில் இந்தக் கிளப் கொடுத்த காகிதங்களில்
அது ஒன்றுதான் பொய் சொல்லவில்லை.

தலைவர் ஜைனுலாபுதீன் ராவுத்தர் கண்ணாடியைத் துடைத்தபடி
"விவரமெல்லாம் எதுக்கு மருதாசலம், நெட் சொல்லு" என்றார்.
"நெட் மஞ்சேரியில் இருக்கு" என்றேன்.
சிரித்தார்கள், ராவுத்தரும்தான்.
சிரிப்பு ஓயட்டும் என்று இருந்து சொன்னேன்:
கடன் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.
கையிருப்பு நானூற்றுப் பத்து.

மின்விசிறி சுற்றுவது கேட்டது.

பிறகு கோல்கீப்பரின் அண்ணன் சிவதாசன் எழுந்தான்.
கானாக்காரன் ஒருத்தன் இருக்கிறான்,
ஆறாயிரம் கேட்கிறான்,
இடதுகால்.
"இடதுகாலா?" என்றது கூட்டம்,
பதினெட்டு வாயும் ஒரே வாயாக.
தீர்மானம் நிறைவேறியது.
கை தூக்காதவன் ஒருவன்.
அவன் கையில் பேனா இருந்தது.

வெளியே வந்தால் மைதானத்தில் பையன்கள்.
கிழக்குப் போஸ்ட்டைப் பார்த்து ஒருவன் ஓங்கி அடித்தான்.
பந்து நிற்கவில்லை, நிற்க எதுவுமில்லை.
வரப்பைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தாண்டி
அடுத்த மாநிலத்துச் சோளக்காட்டுக்குள் போய்விட்டது.
கோல் என்றது ஒரு கட்சி,
கம்பத்துக்கு வெளியே போச்சு என்றது இன்னொன்று.
வலை இருந்தால் வலை சொல்லியிருக்கும்.
கையில் நோட்டு வைத்திருந்ததால் என்னைப் பார்த்தார்கள்.
வரவு, செலவு, இரண்டே பத்திதான் என்னிடம்.
நான் வானத்தைப் பார்த்தேன்.

சோளத்துக்குள் போன பையன்
அங்கிருந்தே கத்தினான், பந்தைக் காணோம் என்று.

பந்து ஒன்று, அறுநூற்றைம்பது.
எழுதினேன்.